அறுபத்திரண்டும் முப்பத்தெட்டும்

ஜூன் 2, திங்கள்

இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் ஆரம்பிக்க வேண்டுமென்றால் முதலில் மூன்று பேரிடம் திட்டு வாங்க வேண்டும். வீட்டில் இருப்பதே மூன்று பேர்தான், அதில் நானும் ஒருவன். இன்றைக்கு என்னை நானே திட்டிக்கொண்டதையும் சேர்த்துக் கணக்கு சரியாகிவிட்டது.

விஷயம் இதுதான். என் மகள் யாமினிக்கு ஜூலை கடைசியில் சேலத்தில் மாநிலப் பளு தூக்கும் போட்டி. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதலில் வருபவள் மட்டும் தேசியப் போட்டிக்குப் போவாள். ஐம்பத்து மூன்று கிலோ பிரிவில் இந்த வருஷம் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை என்று நாலு பேரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். ஆனால் இவளோ ஐம்பத்தாறரை கிலோ. மூன்றரை கிலோ இறங்கினால் தங்கம் கையில். பயிற்சி கொடுக்கும் பியூலா மேடம் என்ன சொல்கிறார்? "அவ ஐம்பத்தெட்டுலயே தூக்கட்டும் சார். ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு, வளர்ற உடம்பு." அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டில் திருவள்ளூர்க்காரி ஒருத்தி இருக்கிறாள், அரிசி மூட்டையை ஒற்றைக் கையில் தூக்குவாளாம்.

காட்பாடியில் இருபது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். மாப்பிள்ளையையும் பெண்ணையும் படத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கு எனக்குப் பொன்விகிதம்தான் வேதம். ஒரு கோட்டை இரண்டாக வெட்டு. முழுக்கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் என்ன உறவோ, அதே உறவு பெரிய துண்டுக்கும் சின்னத் துண்டுக்கும் இருக்க வேண்டும். நூறில் சுமாராக அறுபத்திரண்டு, முப்பத்தெட்டு. இதையே சாப்பாட்டுத் தட்டுக்கும் போடலாம் என்று நேற்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அட, இத்தனை வருஷம் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அறுபத்திரண்டு பங்கு காய், கீரை. மீதி முப்பத்தெட்டை அதே விகிதத்தில் மறுபடி வெட்டினால் இருபத்து நாலு பங்கு பருப்பு, முட்டை. கடைசிப் பதினாலு பங்கு சோறு.

குமாரியிடம் சொன்னேன். என் மனைவி, வாயைத் திறந்தால் வஞ்சனை வைக்க மாட்டாள்.

"பதினாலு பங்கு சோறா? அது காக்காய்க்கு வெக்கிறது இல்ல?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்தில் என் அக்கா வேதவல்லி, "இன்னாடா கருணா, பொண்ணு தோளு உன்னுதவிட அகலமா கீது" என்று பந்தி நடுவே கேட்டதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதிவிட்டேன், போகட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

ஸ்டூடியோவில் கிடந்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, மூன்று பகுதியாகக் கோடு அச்சடித்துக்கொண்டேன். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும். தட்டின் மேல் பிடித்தால் எது எங்கே கோடு தாண்டுகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். சரிசெய்த பிறகு மேலிருந்து ஒரு போட்டோ. அதற்கப்புறம் சாப்பாடு.

"அப்பா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுதுப்பா" என்றாள் யாமினி. இரண்டு நிமிஷம் பொறுக்க முடியாதவள் தலைக்கு மேல் கம்பியை எப்படிப் பொறுப்பாள்?

சாம்பார்தான் பெரிய தொல்லை. எவ்வளவு சொன்னாலும் எல்லைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 7, சனி

அப்பளம் எந்தப் பகுதியில் சேரும் என்று இன்று ஒரு விவாதம். எண்ணெய்ப் பண்டம், எதிலும் சேராது என்றாள் குமாரி. நான் யோசித்துப் பார்த்தேன். அப்பளம் உளுந்து. உளுந்து பருப்பு. ஆகவே இருபத்து நாலு பங்கில்தான் வர வேண்டும். வைத்துப் பார்த்தால், அடடா! ஒரே ஒரு அப்பளம், அந்தப் பகுதியை அப்படியே மூடிவிட்டது. துவரம்பருப்பு வைத்தால் வழியும், சுண்டல் வைத்தால் உருளும். அப்பளம் வைத்த இடத்தில் இருக்கிறது.

"பளு தூக்குற பொண்ணுக்கு அப்பளமாங்க?"

"அளவு சரியா கீதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோற்றுப்போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அண்ணன் மகள் கல்யாண ஆல்பம் வேலை முடிந்தது. பெரியம்மாவின் தாடை, மாப்பிள்ளையின் தொப்பை, யாமினியின் கைகள். லைட் சரியாக விழவில்லை, கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருந்தது. பைண்டிங்குக்கு அனுப்பியாகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

எடை ஐம்பத்தைந்தரை. பார்த்தீர்களா!

பள்ளியிலிருந்து போன். கணக்கு வகுப்பில் தூங்கிவிட்டாளாம். கணக்கு வகுப்பில் யார்தான் தூங்கவில்லை?

ஜூன் 15, ஞாயிறு

தெருவே பிரியாணி வாசனை. நாங்கள் சுரைக்காய். யாமினி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

குமாரிக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டது. சோறு வேண்டாம், கேழ்வரகுக் களி கிண்டிப் போடுகிறேன் என்று அவளாகவே சொன்னாள். களி உருண்டை என்ன அழகாக நிற்கிறது தெரியுமா! பதினாலு பங்குக் கோட்டைத் துளிகூடத் தாண்டவில்லை. கீரையும் பரப்பி வைத்த மாதிரி ஒழுங்காக இருக்கிறது. இத்தனை நாளில் இன்றைய போட்டோதான் முதல்தரம். ஸ்டூடியோவில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அம்மாவும் மகளும் சமையலறையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஜூன் 26, வியாழன்

எடை ஐம்பத்தாறு கிலோ, இருநூறு கிராம். ஏறியிருக்கிறது! எடை மெஷினைத் தரையில் வைத்தேன், பலகையில் வைத்தேன், நானே ஏறி நின்று பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கோடு தாண்டவில்லை. தலையால் தண்ணீர் குடித்தாலும் எனக்கு இது விளங்கவில்லை.

பியூலா மேடம் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். "இந்த வாரம் நல்லா தூக்குறா சார், இன்னா மாத்தினீங்க?" என்று கேட்டார். விகிதம் மேடம், எல்லாம் விகிதம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

துரோகம்.

கரண்ட் போய்விட்டது. மேலிருந்து எடுத்தால் படம் இருட்டு. ஜன்னல் வெளிச்சத்துக்காகக் குனிந்து பக்கவாட்டில் கேமராவை வைத்தேன். வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். களி உருண்டை பக்கத்தில் இருக்கும் சொம்பு உயரத்துக்கு எழும்பி நிற்கிறது! கீரையைக் கரண்டியால் கிளறினேன். கீழே இரண்டு முட்டை, பொடிமாஸ் பண்ணி, தட்டோடு தட்டாகப் பரப்பி வைத்திருக்கிறாள். அதற்கும் கீழே நேற்றைய சோறு.

பத்து நாளாக என்னைக் கேனையனாக்கியிருக்கிறார்கள்.

"இன்னா குமாரி இது?"

"மேல இருந்து பாருங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாமல். "கோடு தாண்டலியே. அளவு சரியா கீதா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

யாமினி சிரித்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! தட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே மாட்டுக்கு வைத்துவிட்டேன். மாடு எந்த விகிதமும் பார்க்காமல் தின்றது. திரும்பி வந்தபோது இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

இனிமேல் யாமினியின் தட்டு என் பொறுப்பு. காலையில் வெள்ளரிக்காய் நறுக்கினேன், விரலையும் சேர்த்து. பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. முருங்கைக்கீரை ஆய்வது மனுஷன் செய்கிற வேலையா? குமாரி கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்தாள்.

ஜூலை 4, வெள்ளி

எடை ஐம்பத்து நாலேகால். இதுதான் நான் சொன்னது.

குமாரி ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தார், அவர் போகும்வரை நின்றாள். "அவளுக்குப் போன மாசம் வரல. உங்களுக்குப் புரியுதா இல்லியா?" என்றாள். பரீட்சை டென்ஷனாக இருக்கும் என்றேன். "பரீட்ச இன்னும் வெக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதெல்லாம் பெண்கள் விஷயம். நான் என்ன சொல்வது?

ஜூலை 9, புதன்

மாலை ஆறு மணிக்குப் பியூலா மேடத்திடமிருந்து போன். "சார், பதறாம வாங்க." பதறாமல் வா என்றால் யார் பதறாமல் போவார்கள்? ஸ்கூட்டர் வழியெல்லாம் ஆடிக்கொண்டே போனது. ஹேண்டில்பார் பழசு, எப்போதும் ஆடும்.

யாமினி சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கம்பியைத் தலைக்கு மேல் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கம்பி பின்பக்கம் விழுந்திருக்கிறது. நல்லவேளையாகப் பின்பக்கம்.

"ஒரு சாண் முன்னால விழுந்திருந்தா கழுத்து சார்" என்றார் பியூலா மேடம். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னார். "இன்னா சாப்பிட்டேன்னு கேட்டேன். வெள்ளரிக்காயும் அப்பளமும்னு சொல்றா. மேல இருந்து பாத்தா அப்பளமும் ஒண்ணுதான், அடையும் ஒண்ணுதான். போட்டோவுக்கு வித்தியாசம் தெரியாது சார். தூக்குற பொண்ணுக்குத் தெரியும். சோறு போடுங்க சார், புண்ணியமா போவும்."

இன்னும் ஒன்றேகால் கிலோதான் மேடம் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு யாமினியிடம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன்

அண்ணன் வீட்டிலிருந்து கல்யாண ஆல்பத்தின் ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். யாமினி அதை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குடும்பமாக நாங்கள் நிற்கும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"அப்பா, இது யாரு கை?"

"உன்னுதுதான்."

"என் கை இது இல்ல. என் கை இங்க கீது." சட்டைக் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிக் காட்டினாள். "அத்த எதுக்குப்பா அறுத்த?"

"அறுக்கல. லைட் சரியா விழல, சரி பண்ணேன்."

"சரி பண்றதுக்கு அதுல இன்னா தப்பு இருந்துச்சி?"

எனக்குப் பதில் தெரியும். லைட், லென்ஸ், நின்ற கோணம், எத்தனையோ காரணம் சொல்லலாம். தொழில் தெரியாதவர்களிடம் சொல்லி என்ன பயன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

"அம்பத்து மூணு தங்கத்துக்கு இல்லப்பா" என்றாள். "இந்தக் கைக்கு. வேதவல்லி அத்த சொன்னத நானும்தான் கேட்டேன். பக்கத்து எலையிலதான் உக்காந்து இருந்தேன்."

ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குமாரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

பேசவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நான் சமையலறைப் பக்கம் போகவில்லை. கேஸ் அடுப்பு, கரண்டி, கத்தி எல்லாம் குமாரி கைக்கே போய்விட்டது. ஷீட்டைக் காணோம். நான் தேடவும் இல்லை.

யாமினி நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பிய பிறகுதான் சாப்பிடுகிறாள். இன்று ஞாயிறு, கடை இல்லை. மத்தியானம் மூன்று மணிவரைக்கும் படிக்கிறேன் என்று அறைக்குள்ளேயே இருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பூட்டிய ஸ்டூடியோவைத் திறந்து உட்கார்ந்தேன். நான் தெருமுனை திரும்பும் முன்பே தட்டுச் சத்தம் கேட்டது.

பெற்ற பெண் என் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறாள். தங்கமாவது மண்ணாங்கட்டியாவது. இவள் என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்றாகிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 22, செவ்வாய்

ஆல்பம் ஆர்டர் கொடுக்க ஒரு கல்யாணப் பெண்ணும் அம்மாவும் வந்தார்கள். "பொண்ணுக்குக் கன்னத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சிடுங்க சார்" என்றார் அந்த அம்மா. பெண் தலையைக் குனிந்துகொண்டது.

"இருக்கிற கன்னத்துக்கு இன்னாம்மா கொறச்சலு?" என்று எரிந்து விழுந்துவிட்டேன். ஆர்டர் போயிற்று. எனக்கு இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது.

ஜூலை 25, வெள்ளி

யாமினி, குமாரி, பியூலா மேடம் எல்லோரும் காலையிலேயே சேலம் போய்விட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன, ரயில் எல்லோருக்கும் பொது. நாளைக் காலை வண்டியில் போகிறேன்.

ஜூலை 26, சனி

சேலத்தில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. அம்மாவும் மகளும் பக்கத்துக் கட்டிலில் அசந்து தூங்குகிறார்கள்.

போய்ச் சேர்ந்தபோது ஐம்பத்து மூன்று பிரிவு ஆரம்பித்திருந்தது. யாமினி பெயரை நான் இதில்தான் கொடுத்திருந்தேன். கூட்டத்தில் பின்னால் ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். யாமினி வரவில்லை. கடைசிப் பெண்ணும் தூக்கி முடித்து, பதக்கமும் கொடுத்துவிட்டார்கள். யாமினி வரவே இல்லை. மறுபடி மயங்கிவிட்டாளா? ஆஸ்பத்திரியில் இருக்கிறாளா? எழுந்து ஓடினேன். மேடைக்குப் பின்னால் போகும் வழியில் பியூலா மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க மேடம் யாமினி?"

"உள்ள தயாராகுறா சார். அம்பத்தெட்டு. எடை அம்பத்தாறே முக்கால், எல்லாம் முடிஞ்சிது."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?" நான் கத்திவிட்டேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாமினியைக் கேட்டு" என்றார் அவர். "நீங்க போய் உக்காருங்க சார். இந்தக் கோட்டைத் தாண்டி யாரும் வரக் கூடாது."

போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? குமாரி முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் போய் அங்கே உட்கார்ந்தேன்.

முதல் பகுதியில் கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் மொத்தப் போட்டியும் போச்சு, அடுத்த பகுதியில் எவ்வளவு தூக்கினாலும் கணக்கில் வராது. யாமினி அறுபத்திரண்டு கிலோ கேட்டிருந்தாள். முதல் தடவை கம்பி முன்னால் விழுந்தது. இரண்டாம் தடவை மேலே போய், முழங்கை மடங்கிப் பின்னால் விழுந்தது. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் என்னால்தான். ஒரு மாசம் சோறு போடாமல் வைத்திருந்தால் கை எப்படி நிற்கும்? வேண்டாதவன்கூடச் செய்ய மாட்டான், அப்பன் செய்தேன்.

மூன்றாம் தடவை வந்தாள். மேக்னீசியம் பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டு, குனிந்து கம்பியைப் பிடித்தாள். அந்தத் தோளைப் பார்த்தேன். ஆமாம், என்னுடையதைவிட அகலம். இருக்கட்டுமே! அகலமாக இல்லாவிட்டால் அறுபத்திரண்டு கிலோவை எங்கே வைப்பாள்?

"தூக்குடி என் தங்கமே!" என்று குமாரி கத்தினாள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. கம்பி மேலே போனது, ஒரு ஆட்டம் ஆடியது, நின்றது. நடுவர்களின் விளக்கு மூன்றும் வெள்ளை, தூக்கியது செல்லும். கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு படம்கூட எடுக்கவில்லை.

இரண்டாம் பகுதியும் முடிந்து, கடைசியில் மூன்றாம் இடம். தேசியப் போட்டி இல்லை. ஐம்பத்து மூன்றில் முதலில் வந்தவள் தூக்கியது யாமினியைவிடக் குறைவு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஐம்பத்து மூன்றுக்கு இறங்கிய யாமினியால் அந்த எடையைத் தூக்கியிருக்க முடியாது என்பது எனக்கே தெரியும்.

வெண்கலப் பதக்கத்தோடு வெளியே வந்தாள். பியூலா மேடம் கட்டிப்பிடித்தார். குமாரி நெட்டி முறித்தாள். நான் தூண் பக்கம் ஒதுங்கி நின்றேன். அவளே நேராக என்னிடம் வந்தாள். வியர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. பதினைந்து நாளுக்கு மேலாக என் முகத்தைப் பார்க்காதவள் பார்த்தாள்.

"பசிக்குதுப்பா" என்றாள்.

எனக்கு அப்போது உலகத்தில் வேறு எந்த வேலையும் இல்லை. எதிரிலேயே ஒரு பரோட்டாக் கடை. உள்ளே இடம் இல்லை என்றார்கள், நான் போட்ட சத்தத்தில் இடம் வந்துவிட்டது. மூன்று இலை போட்டார்கள். யாமினி அவள் இலைக்கு நாலு பரோட்டா, இரண்டு ஆம்லெட், சிக்கன் சால்னா கேட்டாள். கேட்டதைவிட அதிகமாகக் கொண்டுவரச் சொன்னேன். "இவரு இப்ப எந்தப் பக்கம் போறாரு பாரு" என்று குமாரி தலையில் அடித்துக்கொண்டாள். யாமினி சால்னாவைக் குளம் மாதிரி ஊற்றிக்கொண்டாள். அது பரோட்டாவில் ஏறி, ஆம்லெட்டுக்குள் புகுந்து, இலை முழுக்க ஓடியது. அவள் குனிந்த தலை நிமிராமல் தின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலாவது பரோட்டாவைப் பிய்க்கும்போதுதான் நிமிர்ந்தாள்.

"இன்னாப்பா, நீ துன்னலியா? அழுவுறியா இன்னா?"

"சால்னா காரம்" என்றேன்.

என் இலையில் அதுவரைக்கும் யாரும் சால்னாவே ஊற்றியிருக்கவில்லை.